பின் சீட்டுக்குப் பாட்டு கேட்கணுமா? ஸ்பீக்கரைப் பார்ப்பதற்கு முன் வயரைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கை விட்டு வெளியே வரும் கார்களை எண்ணிப் பாருங்கள். டி.என். 74, டி.என். 75, டி.என். 72 என்று நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலி பதிவெண்கள் வரிசையாகத் தெரியும். திருவனந்தபுரம் நகரத்திலிருந்து நாகர்கோவில் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் பாலராமபுரத்தையும் நெய்யாற்றின்கரையையும் தாண்டி களியக்காவிளை போய்ச் சேர்வதற்குள் ஒரு பிளேலிஸ்ட்டே முடிந்துவிடும்.

அந்தப் பயணத்தில் அம்மா, அப்பா பின் சீட்டில் இருந்தால் அடுத்த காட்சி உங்களுக்கே தெரியும். "மக்களே, பாட்டு ஒண்ணும் கேக்கல, கொஞ்சம் கூட்டு." நீங்கள் கூட்டுகிறீர்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் காது வலிக்கிறது, பின்னால் இருப்பவருக்கு இன்னமும் வார்த்தை புரியவில்லை. முதல் கார் என்று பட்ஜெட் பார்த்து வாங்கிய வேரியன்ட்டில் முன் கதவுகளில் மட்டும்தான் இரண்டு ஸ்பீக்கர்.

ஆக்சசரி கடைக்காரர் ஒரே வரியில் தீர்ப்பு சொல்வார்: பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர் போட்டுடலாம், அரை மணி நேர வேலை. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் வேறு மாதிரி பதில் வரும். எம்.வி.டி. பிடித்தால் 5,000 ரூபாய் ஃபைன், வாரன்டி போச்சு, கார் தீப்பிடிக்கும். இதில் எது உண்மை?

கொஞ்சம் கொஞ்சம் எல்லாமே உண்மை. ஆனால் ஆபத்து பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. பின் ஸ்பீக்கர் சாதுவான பொருள். அதற்குப் போகும் வயரை யார், எப்படி இழுத்தார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பின்னால் ஏன் கேட்கவில்லை?

பாஸ் ஒலி அலைகள் நீளமானவை. சீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடும். ஆனால் 'ச', 'த', 'க' போன்ற மெய்யெழுத்துகளைக் காதுக்குப் பிரித்துக் காட்டும் உயர் அதிர்வெண்கள் நேர்கோட்டில் போகிறவை. முன் கதவின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, முன் சீட்டின் பஞ்சிலும் துணியிலும் மோதி அங்கேயே அடங்கிவிடும். அதனால்தான் பின் சீட்டில் 'டும் டும்' வருகிறது, வரி வருவதில்லை. சத்தம் போதாதது இங்கே பிரச்சினையே இல்லை. தெளிவுதான் போய்ச் சேரவில்லை.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் பணம் மிச்சம். பின் சீட்டுக்காரர்களுக்கு நேர் பார்வையில் சாதாரண ஸ்பீக்கர் ஒரு ஜோடி, குறைந்த ஒலியில் பாடினாலே போதும். மறுபுறம், 'கார் முழுக்க அதிரணும்' என்ற ஆசையில் பின் ஸ்பீக்கர் போடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கணக்கு இப்படி: மொத்த வாட் இரண்டு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். 'இரண்டு மடங்கு சத்தம்' என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். இரண்டு ஸ்பீக்கரை நான்காக்கினால் கிடைப்பது, வால்யூம் நாப்பை இரண்டு மூன்று படி திருப்பினால் கிடைக்கும் வித்தியாசம்தான்.

தனியாக ஓட்டும்போது பின் ஸ்பீக்கர் கெடுதல்கூட செய்யும். ஒரே ஒலி இரண்டு திசையிலிருந்து வந்தால், முதலில் வந்த திசையைத்தான் மூளை 'இடம்' என்று எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் ஆய்வேட்டில் விளக்கிய விஷயம் இது. ஒலி ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். சின்ன காருக்குள் முன், பின் ஸ்பீக்கர் இரண்டும் ஓட்டுநர் காதிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். விளைவு, டேஷ்போர்டு மேல் நிற்கவேண்டிய பாடகர் தலையைச் சுற்றிக் கலைந்துபோகிறார். மருந்து எளிது: செட்டிங்கில் 'ஃபேடர்' இருக்கும், அதை முன்பக்கம் தள்ளிவிடுங்கள். வீட்டார் ஏறும்போது பின்னால் நகர்த்துங்கள்.

உங்கள் ரசனைக்காக மட்டும்தான் செலவு என்றால், என் யோசனை பின் ஸ்பீக்கரே வேண்டாம். அதே பணத்தில் முன் ஜோடியை மாற்றுங்கள். பின் சீட்டில் ஆள் உட்காருவார்கள் என்றால் மேலே படியுங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் 50 வாட்

எண்களோடு பிழைப்பு நடத்துகிறவனாக எனக்கு ரொம்பப் பிடித்த பொய் இது. தனியாக விற்கும் ஹெட் யூனிட்களின் அட்டைப் பெட்டியில் '50 வாட் × 4' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எங்கிருந்து வந்தது இந்த 50?

இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் பவர். 14.4 × 14.4 ÷ 4 = 51.84. அவ்வளவுதான், 50 வாட் வந்துவிட்டது. ஆனால் இது ஆம்ப் முழு வோல்ட்டையும் இடைவிடாமல் தள்ளினால் வரும் எண். அந்த நிலையில் வருவது பாட்டு இல்லை, இரைச்சல். அலை ஒழுங்காக இருக்கவேண்டும் என்றால் அதில் பாதி, 26 வாட்டுக்கும் குறைவு. உள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால் சுத்தமாகக் கிடைப்பது சேனலுக்கு 15 முதல் 20 வாட். ஸ்பெசிஃபிகேஷன் தாளில் பொடி எழுத்தில் 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருப்பது இதுதான். பெட்டியில் 'சி.இ.ஏ. 2006' அல்லது 'சி.டி.ஏ. 2006' என்று இருந்தால், 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மிகாத சிதைவோடு அளந்த எண் என்று அர்த்தம். அதை நம்பலாம். 'பி.எம்.பி.ஓ.' என்று இருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் எதுவும் கிடையாது.

எனவே, ஆம்ப் போடாமல் ஹெட் யூனிட்டிலிருந்தே ஓட்டப்போகிறீர்கள் என்றால், '300 வாட்' ஸ்பீக்கர் என்ற விளம்பரத்துக்கு மயங்காதீர்கள். குறைந்த பவரில் நன்றாகப் பாடுமா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது 'சென்சிட்டிவிட்டி' என்ற எண். 88-ஐ விட 91 டெசிபல் உள்ளது, அதே சத்தத்தைப் பாதி வாட்டில் கொடுக்கும்.

நான்கு ஜோடி வயர், ஒரு குறுக்குவழி

பெரும்பாலான ஹெட் யூனிட்களின் முதுகில் ஸ்பீக்கருக்கு நான்கு ஜோடி வயர் உண்டு. தனியாக வாங்கும் யூனிட்களில் நிறமும் ஏறத்தாழ பொதுவானது. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். காரோடு வந்த கம்பெனி யூனிட்டில் நிறங்கள் வேறாக இருக்கும், ஆகவே சர்வீஸ் மேனுவலின் வயரிங் படம் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. சில கார்களில் கீழ் வேரியன்ட்டிலும் பின் கதவு வரைக்கும் வயரும் கப்ளரும் ஏற்கெனவே கிடக்கும், ஸ்பீக்கர் மட்டும் இருக்காது. கதவுப் பலகையைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன்பே புது வயர் இழுக்கத் தொடங்கும் கடையில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

குறுக்குவழி என்னவென்றால், பின்பக்கத்துக்குத் தனி வயர் இழுக்காமல் முன் கதவு ஸ்பீக்கர் வயரிலிருந்தே 'டேப்' எடுத்து விடுவது. பாட்டு கேட்கும், உங்களுக்கும் தெரியாது. ஆனால் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாக ஒரே சேனலில் சேர்த்தால் ஆம்ப் பார்ப்பது 2 ஓம். மின்னோட்டம் இரட்டிப்பாகும். 4 ஓமுக்காகச் செய்த சிப் சூடேறும், வால்யூம் கூட்டினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், கடைசியில் ஒருநாள் எழுந்திருக்காது. தொடர் இணைப்பில் போட்டால் 8 ஓம், ஆபத்தில்லை, பவர் குறையும். இரண்டு வழியிலும் ஃபேடர் வேலை செய்யாது. வேலை முடிந்ததும் ஃபேடரை முழுக்கப் பின்னால் தள்ளிப் பாருங்கள். முன் ஸ்பீக்கரும் சேர்ந்து பாடினால், அல்லது எல்லாமே மௌனமானால், டேப் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு தவறு பழைய காலத்துப் பழக்கம்: நெகட்டிவ் வயரை வண்டி பாடியில் எர்த் செய்வது. இன்றைய ஹெட் யூனிட்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே மின்னழுத்தம் இருக்கும். நெகட்டிவ்வை உலோகத்தில் தொட்டால் ஆம்ப் போய்விடும்.

கேபிள் விற்பனையில் நடக்கும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 16 கேஜ் செம்பு வயர் 5 மீட்டர், போக வர 10 மீட்டர், மொத்த மின்தடை 0.13 ஓம் அளவுக்குத்தான். 4 ஓமில் அது 3 சதவீதம், காதுக்குத் தெரியாது. விரல் தடிமன் 'ஸ்பெஷல்' கேபிள் வேண்டாம். ஆனால் அது உண்மையில் செம்புதானா என்று மட்டும் பாருங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியின் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல், உடைவதும் எளிது. கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று யோசித்தால் இது சின்ன விஷயமில்லை.

தீ எங்கே பிடிக்கிறது?

கேரளத்தில் இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. 2023 பிப்ரவரி 2 அன்று கண்ணூரில், பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த கார் தீப்பிடித்து, முன் சீட்டில் இருந்த கர்ப்பிணியும் கணவரும் இறந்தார்கள். முதற்கட்ட ஆய்வில் ஷார்ட் சர்க்யூட் என்று சொல்லப்பட்டது. வெளியில் பொருத்தும் ஆக்சசரிகளின் வயரிங் பற்றி மாநிலம் முழுக்கப் பேச்சு எழுந்தது அப்போதுதான். அங்கே பின் ஸ்பீக்கர் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் காருக்குள் எந்த வயர் ஆபத்தானது என்று தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம்.

20 வாட் ஓடும் ஸ்பீக்கர் வயரில் போகும் மின்னோட்டம் 2 ஆம்பியர் சொச்சம். அதன் மேலே ஹெட் யூனிட்டின் ஃபியூஸ் காவல் இருக்கிறது. தனி ஆம்ப் போடும்போது கதை மாறும். நான்கு சேனலுக்கும் உண்மையான 50 வாட் கொடுக்கும் சாதாரண ஆம்ப், முழு வேகத்தில் 25, 30 ஆம்பியர் இழுக்கும். அதற்கான வயர் பாட்டரியிலிருந்து நேராக, இன்ஜின் அறைத் தகட்டில் உள்ள துளை வழியாக உள்ளே வரும். அந்தத் துளையின் உலோக விளிம்பில் ரப்பர் வளையம் இல்லையென்றால், இன்ஜின் அதிர்வில் வயரின் தோல் தேயும். ஒருநாள் செம்பு தகட்டைத் தொடும். பாட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கக்கூடியது. ஆகவே ஃபியூஸ் பாட்டரிக்குப் பக்கத்தில், 45 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். ஆம்ப் பக்கத்தில் ஃபியூஸ் இருப்பது ஆம்பைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல.

ஹெட் யூனிட்டிலிருந்து ஓடும் இரண்டு பின் ஸ்பீக்கருக்கு இந்த வயரே தேவையில்லை. பின் சீட்டுக்குப் பாட்டு மட்டும் போதும் என்கிறவர்கள் ஆம்ப் வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதுதான்.

கதவுக்குள் மழை பெய்யும்

ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. திருவனந்தபுரத்துக்கு இரண்டும் உண்டு. கார் கதவின் உள்பக்கம் ஈரமாகத்தான் இருக்கும், அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியில் வழியும் தண்ணீர் உள்ளே இறங்கி, அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேறும். அந்த ஈரம் கேபினுக்குள் வராமல் தடுப்பது, கதவுப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் தாள். அவசரத்தில் பிளேடால் கிழித்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த மழையில் கால்மிதி நனைந்தால் 'கார் லீக்' என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவீர்கள். தாளைத் தேவையான அளவு மட்டும் வெட்டி, திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். பேப்பர் கோனைவிட பாலிப்ரொப்பிலின் கோன் இந்த ஊருக்கு ஏற்றது. ஸ்பீக்கருக்கு மேலே ஒரு ரப்பர் குடை போட்டால் இன்னும் நல்லது. வயர் கதவுக்குள் நுழையவேண்டியது கம்பெனி கொடுத்த ரப்பர் குழாய் வழியாக. கீல் பக்கம் வெளியே தெரிய வயர் தொங்கினால் வேலை சரியில்லை.

ஹேட்ச்பேக்கில் பார்சல் டிரேயில் ஓவல் ஸ்பீக்கர் பொருத்துவது இன்னமும் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த டிரே இரண்டு கொக்கியில் நிற்கும் பலகை. நல்ல வேகத்தில் மோதி வண்டி சட்டென்று நின்றால், காந்தத்தோடு இருக்கும் ஸ்பீக்கர் தன் எடையைப் போலப் பல பத்து மடங்கு விசையோடு முன்னால் வரும். முன்னால் இருப்பது பின் சீட்டுக்காரர் தலை. யாருக்காகப் போடுகிறோமோ அவர் தலை.

கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் மேல் தூண்களின் உறைக்குள் ஸ்பீக்கர் வயரை விடக்கூடாது. தரையோரம் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்குள்தான் போகவேண்டும்.

எம்.வி.டி. பிடிக்குமா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் 5,000 ரூபாய் கற்பனை இல்லை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவு, சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய், அல்லது இரண்டும் என்கிறது. அதே ஆண்டு ஜனவரி 9-இல், கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் 'மாற்றம்' என்றால் என்ன? 52-ஆவது பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது: வண்டியின் கட்டமைப்பில் செய்து, அதன் அடிப்படை அம்சத்தையே மாற்றுவது. ஆர்.சி.யில் இருக்கும் விவரத்தோடு முரண்படுவது. கதவில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கர் குழியில் ஒரு ஸ்பீக்கர் வைப்பது இதற்குள் வராது என்றே பிரிவைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். சீட்டைக் கழற்றி சப்வூஃபர் பெட்டி கட்டினால் அந்தப் பதிலை நம்பாதீர்கள். 2024-இல் ஆலப்புழையில் ஒரு யூடியூபர் காருக்குள் டார்ப்பாலின் விரித்து நீச்சல் குளம் கட்டி ஓட்டினார். லைசன்ஸ் போனது.

கேரளத்தில் ஆடியோ மீதான கெடுபிடி உண்மையில் டூரிஸ்ட் பஸ்களிலிருந்து வந்தது. சுழலும் விளக்கு, இன்வெர்ட்டர், பூஸ்டர் என்று ஓடிய பஸ்கள் மீது கேரள உயர் நீதிமன்றம் 2019-லிருந்தே கண்டிப்பு காட்டியது. 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில் பள்ளிச் சுற்றுலா பஸ் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் இறந்த பிறகு சோதனை இன்னும் இறுகியது. அந்த விபத்துக்கும் பாட்டுக்கும் முடிச்சு போட வேண்டாம். ஆனால் சாலையோரம் நிற்கும் அதிகாரி காதில் 'டும் டும்' விழுந்தால் ஏன் கையைக் காட்டுகிறார் என்பதற்கு இது பின்னணி. காரின் உபகரணத்தால் ஓட்டுநரின் கேட்கும் திறன் தடைபடக்கூடாது என்று 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறைகளும் சொல்கின்றன. ஆம்புலன்ஸ் ஹாரன் கேட்காத அளவுக்கு வைத்தால், ஸ்பீக்கர் எத்தனை என்று யாரும் எண்ணமாட்டார்கள். காதுக்கான கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின்படி 80 டெசிபல் வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பு, 90 டெசிபல் என்றால் வாரம் 4 மணி நேரம்தான். ஊருக்குப் போய்வரும் ஒரு வார இறுதியே அதைத் தின்றுவிடும்.

வாரன்டியும் இன்ஷூரன்ஸும்

கம்பெனி வயரை வெட்டினால் வாரன்டி விவாதம் தொடங்கும். வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் செருகும் ஹார்னஸ் கிடைக்கிறது. அதைக் கேளுங்கள், இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமை போங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்கிற இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவதை ஏற்காதீர்கள். நம் ஊர் சூட்டில் டேப்பின் பசை இளகி வழியும். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடட்டும், அல்லது கிரிம்ப் செய்யட்டும்.

ஷோரூம் விலையில் சேராத எலக்ட்ரானிக் பொருளுக்கு இன்ஷூரன்ஸ் தனி. மோட்டார் டாரிஃபின் ஐ.எம்.டி. 24 ஒப்புதலில் அதன் பிரீமியம் பொருள் மதிப்பில் 4 சதவீதம். 10,000 ரூபாய்க்கு 400. இரண்டு ஸ்பீக்கருக்கு இது தேவையா என்று கேட்டால், திருட்டுக்காக அல்ல, 'சொல்லாமல் பொருத்தினீர்கள்' என்ற பேச்சு கிளெய்ம் நேரத்தில் வராமல் இருக்கத்தான். பில்லை, வேலைக் கூலியோடு சேர்த்து, வாங்கி வையுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். பாஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, ஃபேடரை நடுவில் வைத்துக் கேளுங்கள். பாஸ் முன்பைவிட மெலிந்திருந்தால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று காற்றைத் தள்ள, இன்னொன்று இழுக்கும். 1.5 வோல்ட் பென்சில் பாட்டரியை ஸ்பீக்கர் வயரில் ஒரு நொடி தொட்டால் தெரிந்துவிடும்: பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் கோன் வெளியே தள்ளும். பின் கண்ணாடிகளை முழுக்க இறக்கி ஏற்றுங்கள், ஸ்பீக்கர் காந்தத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். குழந்தைப் பூட்டு, சென்ட்ரல் லாக் வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு பின் சீட்டில் நீங்களே போய் உட்காருங்கள், வால்யூமை வழக்கமாக வைக்கும் அளவில் வைத்துவிட்டு. வரி புரிகிறதா? கதவுப் பலகையின் மீதி வேலை முதல் மழையில் தெரியும். அன்று வீட்டுக்குப் போனதும் பின் கால்மிதிக்கு அடியில் ஒரு முறை கை வைத்துப் பாருங்கள்.